மேபல் மனது வைத்த சனிக்கிழமை

அன்புள்ள தங்கை லவேடாவுக்கு,

ஆர்கன்சாவிலிருந்து உன் அண்ணன் வெர்லன் ஆசிகளுடன் எழுதுவது. நானும் என் பசு மேபலும் சௌக்கியம். உன் வீட்டுக்காரரின் முதுகுவலியும் சௌக்கியமாகவே இருக்கும் என்று நம்புகிறேன்.

முதல் காரியமாக, எனக்கென்று ஒழித்து வைத்த பின்னறையில் உன் தையல் மெஷினைப் பழையபடி போட்டுக்கொள். குளிர் வருவதற்குள் கூரை வராவிட்டால் மிசூரிக்கு உன்னிடமே வந்துவிடுகிறேன் என்றேன் அல்லவா? கூரை வந்துவிட்டது. அப்பாடா!

சூறாவளி ஒன்பது வீட்டுக் கூரைகளைப் பிடுங்கிக்கொண்டு போனது உனக்குத் தெரியும். நிவாரணம் கேட்டதற்கு அரசாங்கம் எழுதிய பதில் தெரியுமா? சேதம் போதாதாம்! மிச்ச வீடுகளையும் நாங்களே கடப்பாரை எடுத்து இடித்துக் காட்டியிருக்க வேண்டுமோ? ஆத்திரத்தில் அந்தக் கடிதத்தை மேபலிடம் நீட்டினேன். அவளும் மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்புறம்தான் தீயணைப்புப் படைக்காரர்கள் மாட்டுச் சாணிப் போட்டி வைத்து வசூல் பண்ணலாம் என்றார்கள். பள்ளி மைதானம் முழுக்கச் சுண்ணாம்புக் கட்டம் போட்டு விற்பது. மாடு முதலில் எந்தக் கட்டத்தில் சாணி போடுகிறதோ அந்தக் கட்டத்துக்காரருக்குப் பாதிப் பணம், மீதி கூரைகளுக்கு. அந்த மீதியில் ஐந்து கூரைதான் தேறும். குழந்தை குட்டி உள்ள வீடுகளுக்கு முதலில் என்று ஆனதால் ஒண்டிக்கட்டையான என் பேர் ஒன்பதாவது.

சனிக்கிழமை ஊரே வந்து சுற்றி நின்றது. மேபல் நடுவில் நின்று அசை போட்டாள். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம், ஒன்றும் கிடையாது. கொட்டிலைக் கூட்டி முடிப்பதற்குள் நாலு தடவை போடுகிறவள்! அழகு நிலையம் நடத்தும் ஓபல், "யோவ் வெர்லன், மாட்டுக்கு நேத்து என்னத்தய்யா போட்டே? சிமெண்டா?" என்று கத்தினாள். போதகர் டெல்பர்ட் தொப்பியைக் கழற்றி, "ஆண்டவரே, இந்த ஜீவனுக்கு வழி திறந்தருளும்" என்று ஜெபம் பண்ண, எல்லோரும் ஆமென் சொன்னோம்.

அந்த நேரம் பார்த்துச் சூறாவளி அபாயச் சங்கு ஊதிற்று. மாதத்தின் முதல் சனிக்கிழமை பகல் பன்னிரண்டுக்கு அதைச் சும்மா ஊதிப் பார்ப்பது வழக்கம். பிறந்ததிலிருந்து கேட்கிறோம், ஆனாலும் ஒருத்தருக்கும் ஞாபகம் வரவில்லை. மொத்த ஜனமும் பள்ளிக்கூட நிலவறைக்கு ஓட்டம்; போதகர்தான் முதல் ஆள். மேபல் மிரண்டு, கயிற்றோடு என்னையும் இழுத்துக்கொண்டு பாய்ந்தாள். பாய்ந்துகொண்டே போட்டாள், ஐந்து கட்டங்களில். எது முதலில் என்று பார்த்திருக்க வேண்டியவன் நான் ஒருவன்தான். நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தேன், லவேடா. உன்னிடம் சொல்ல என்ன வெட்கம், கூரை போன நாளிலிருந்து அந்தச் சத்தம் கேட்டால் எனக்குக் கண் தானாக மூடிக்கொள்கிறது.

திரும்பி வந்ததும் ஐந்து கட்டத்துக்காரர்களும் சண்டை பிடித்தார்கள். பரிசு எனக்கு உனக்கு என்றுதான் அடித்துக்கொள்கிறார்கள் என்று நினைத்தேன். கேள்!

"என் கட்டத்துல கெடக்கறது சாணியே இல்ல, வெறும் சேறு!" என்றாள் ஓபல்.

"சேறுன்னா ஏம்மா ஆவி பறக்குது?" என்றார் டெல்பர்ட்.

"உங்க கட்டத்தைப் பாருங்க போதகரே. அதான் பெருசு, அதான் முதல்ல விழுந்தது."

"ஐயோ, சத்தியமா என்னுது கடைசி! நான் என் கண்ணால பார்த்தேன்."

நிலவறையில் இருந்த மனுஷர் பார்த்தாராம்! ஐந்து பேரில் ஒருவர்கூட ஜெயிக்கச் சம்மதிக்கவில்லை. முழுப் பணமும் ஒன்பது கூரைகளுக்கே போய்விட்டது. நான் மேபலின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டேன். புதன்கிழமை ஊர்க்காரர்களே ஏறி எனக்குத் தகடு அடித்தார்கள். நேற்று நல்ல மழை. உள்ளே ஒரு சொட்டு இல்லை.

உன் வீட்டுக்காரருக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு முத்தங்கள், கர்த்தர் உங்கள் எல்லோரையும் காப்பாராக. இனி யார் கூப்பிட்டாலும் இந்தக் கூரையை விட்டு ஓரடி நகர மாட்டேன்.

உன் அண்ணன்,
வெர்லன்

பி.கு.: உறையை ஒட்டும்போது உங்கள் ஊரிலிருந்து போன் வந்தது. போன வாரக் காற்றில் கூரை போன உங்கள் ஆற்றங்கரைத் தெருக்காரர்களுக்கும் சேதம் போதாதென்று பதில் வந்துவிட்டதாமே? மேபல் கிடைப்பாளா என்று கேட்டார்கள். வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் வருகிறோம். அவளுக்குக் கொஞ்சம் வைக்கோல் வாங்கி வை, எனக்கு எதுவானாலும் சரி. அந்தத் தெருவில் கடைசி வீட்டுக்கும் கூரை ஏறுகிறவரை நான் திரும்புவதாக இல்லை.