விமானத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்கப் போன மாப்பிள்ளை

என் உயிரைக் காப்பாற்றியவர் என் மாமியார். காப்பாற்றிய விதத்தைத்தான் நாலு பேர் முன்னால் சொல்ல முடியாது. (என் மனைவி அதை ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள் என்பது வேறு விஷயம்.)

அப்போது எனக்குக் கல்யாணமாகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பீளமேட்டில் பம்ப்செட் மோட்டார் செய்யும் சின்னப் பட்டறை வைத்திருந்தேன். சுற்றுகிற எதைப் பற்றியும் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்ற திமிரும் வைத்திருந்தேன். மாமியாரோ என்னிடம் நேராகப் பேசவே கூச்சப்படுவார். நான் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன். "மாப்ளைக்குக் காப்பி போடட்டுமான்னு கேளு அம்மணி" என்று என் மனைவி சுகன்யாவிடம் சொல்வார்.

சுகன்யாவின் தங்கை நித்யா விமானம் ஓட்டப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் முதன்முதலாகத் தனியாகப் பறக்கப்போகிற அன்று, அந்தச் சின்ன விமானத் திடலுக்குக் குடும்பத்தோடு போனோம். மாமியாரின் பையில் சந்தனம், குங்குமம், சூடம், எலுமிச்சம்பழம் எல்லாம் இருந்தன. அந்த வீட்டில் டிராக்டரிலிருந்து மொபெட் வரை, எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தடியில் நசுக்காமல் எந்த வண்டியும் முதல் சவாரி போனதில்லை.

பயிற்சி கொடுக்கும் கேப்டன் தங்கமான மனிதர். வாலில் ஒரு பொட்டு வைத்துக்கொள்ள அனுமதித்தார்.

"பெட்ரோல் இருக்குதுங்க, சூடம் வேண்டாம். பழமும் வேண்டாமுங்க. முன்சக்கரத்துக்கிட்டயே புரொப்பல்லர் இருக்குது. நின்னுட்டு இருந்தாலும் அதைச் சுத்துதுன்னே நெனச்சுக்கோணும். சுத்தறப்போ கண்ணுக்கே தெரியாது. இந்தக் கயித்தைத் தாண்டி யாரும் வராதீங்க."

மாமியார் பயபக்தியோடு தலையாட்டினார். மோட்டார் செய்கிறவனிடம் காத்தாடி பற்றிப் பேசுகிறாரே என்று நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

நித்யா கேப்டனோடு சில சுற்றுகள் பறந்து இறங்கி, கயிற்றுக்குச் சற்றுத் தள்ளி விமானத்தை நிறுத்தினாள். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. கேப்டன் இறங்கி, கதவைச் சாத்திவிட்டு, இறக்கைக்குப் பின்பக்கமாக நடந்து போனார். இனி அவள் தனி. மாமியார் கண்ணை மூடிக்கொண்டு சென்னிமலை முருகனை வேண்டிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்து எனக்கு மனசு இளகிவிட்டது. (மாமியாரிடம் நல்ல பெயர் வாங்கும் ஆசை வந்துவிட்டது என்று படிக்கவும்.) பையிலிருந்து பழத்தை எடுத்தேன்.

"அத்தை, ஒரு நிமிசத்துல வெச்சுப்போட்டு வாரேன்."

"மாப்ளைய வேண்டாம்னு சொல்லு அம்மணி, அந்த சார் சொன்னாரல்ல..."

"அவரே எறங்கி நடந்து போறாருங்க. எனக்குத் தெரியாத காத்தாடியா?"

கயிற்றைத் தாண்டினேன். கேப்டன் போனது பின்பக்கமாக. நான் போனது மூக்குக்கு நேராக. முன்சக்கரம் பளிச்சென்று தெரிந்தது. அதற்கு முன்னால் வெறும் காற்றுதான். கண்ணுக்குத் தெரியாது என்று அவர் சொன்னது இதைத்தான் என்பது என் மூளைக்கு எட்டவில்லை. பழத்தை நீட்டிக்கொண்டு, பந்தியில் பரிமாறப் போகிறவனைப் போலக் குனிந்தபடி நடந்தேன். பின்னால் எல்லோரும் கத்தியிருக்கிறார்கள். எஞ்சின் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை.

திடீரென்று இடுப்பு லேசானது. வேட்டி போகிறது! எப்பேர்ப்பட்ட வீரனும் வேட்டி அவிழ்ந்தால் நின்றுவிடுவான். நானும் நின்றேன். பழம் உருண்டு ஓடியது. திரும்பிப் பார்த்தால், என் வேட்டியின் மறுமுனையை இரண்டு கையாலும் பிடித்தபடி மாமியார், காலில் செருப்புகூட இல்லாமல்.

அதே நேரத்தில் எஞ்சின் சத்தம் அடங்கியது. நித்யா என்னைப் பார்த்துவிட்டு நிறுத்தியிருக்கிறாள். எனக்கு எதிரே, ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து ஒரு கறுப்புத் தகடு மெல்ல மெல்ல வெளிப்பட்டு நின்றது. எனக்கும் அதற்கும் நடுவில் ஒரு கட்டில் போடக்கூட இடமில்லை. கோடு போட்ட டவுசரோடு நின்று அதைப் பார்த்தேன்.

கேப்டன் ஓடி வந்தார். "அறிவிருக்குதாங்க உங்களுக்கு?" என்றார். நான் நின்ற கோலமே அதற்குப் பதில். அன்றைக்குத் தனியாக அனுப்ப முடியாது என்று அவர் சொன்னபோதுதான், நித்யாவின் பெரிய நாளையும் நான் கெடுத்துவிட்டது உறைத்தது. அவள் இறங்கி வந்தாள்.

"கொஞ்சம் தண்ணி குடிச்சுட்டு, நீங்க சரின்னா போறேனுங்க சார். மாமாவை மட்டும் யாராச்சும் புடிச்சுக்கோங்க."

கேப்டன் அவளை உட்காரவைத்து வெகுநேரம் பேசினார். விமானத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பிறகுதான் தலையசைத்தார். நித்யா தனியாக ஏறி, தனியாகப் பறந்து, பூ மாதிரி இறக்கினாள். அவ்வளவு நேரமும் கயிற்றுக்கு இந்தப் பக்கம் என் வேட்டி நுனி மாமியார் கையில்தான் இருந்தது. விமானம் நின்ற பிறகே விட்டார். விட்டுவிட்டு, முதன்முறையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"மாப்ள, அத்தன பேரு முன்னால வேட்டியப் புடிச்சு இழுத்துப்போட்டேன். மன்னிச்சுப்போடுங்க."

உயிரையும் காப்பாற்றிவிட்டு மன்னிப்பும் கேட்கிறார்! நான் அழுதுவிட்டேன்.

நித்யா இப்போது பெரிய விமானங்கள் ஓட்டுகிறாள். எங்கள் வீட்டில் யார் மிக்சியைப் போட்டாலும், "மாமாவைப் புடிச்சுக்கோங்க!" என்று ஒரு குரல் வரும். சமீபகாலமாக என் மகளே ஓடி வந்து பிடித்துக்கொள்கிறாள்.

வேட்டிக்கு மேல் எப்போதும் பெல்ட் போடுகிறவனாகிவிட்டேன். மாமியாரோடு வெளியே போகும் நாட்களில் மட்டும் போடுவதில்லை. அவர் இழுத்தால் அவிழ வேண்டும். அவிழ்ந்தால்தானே நான் நிற்பேன்.