கொன்றையூர் மனு அலுவலகத்தின் பேட்டரி

மன்னர் மணிமார்பர் ஆண்ட வெண்ணாவல் நாட்டில் ஊருக்கு ஒரு மடிக்கணினி உண்டு. குடிமக்களின் மனு எதுவானாலும் அதன் வழியாகத்தான் அரண்மனைக்குப் போகும். விடிந்ததும் ஒரு மணி நேரம் மின்சாரம் வரும். அதில் ஏறும் சார்ஜ்தான் அன்றைய அரசாட்சி.

கொன்றையூரில் மனு பதிபவள் வேதவல்லி. அவளுடைய கணினி பதினொரு மணிக்கே அணைந்துவிடும். வரிசையில் மிச்சம் நிற்பவர்கள் வீடு திரும்புவார்கள். அவள் மேலிடத்துக்கு எழுதினாள். சேமிப்புத் துறை அமைச்சர் அம்பலவாணர் நேரில் வந்து பார்வையிட்டார்.

“மக்கள் அளவுக்கு மீறிக் கேட்கிறார்கள். பேட்டரி களைத்துப்போகிறது,” என்று முடிவு சொன்னார்.

முதல் ஆணை வந்தது: திரையின் வெளிச்சத்தைப் பத்தில் ஒன்றாகக் குறைக்கவும். எழுத்து சரியாகத் தெரியாமல், கிணறு கேட்ட தெருவுக்குக் கிண்ணம் வந்து சேர்ந்தது. இரண்டாம் ஆணை: மனு மூன்று சொற்களுக்குள் அடங்கவேண்டும். மூன்றாம் ஆணை: ஒவ்வொரு மனுவுக்குப் பின்னும் கணினிக்குக் கால் மணி நேரம் ஓய்வு. மக்கள் வெயிலில் நின்றார்கள், கணினி இளைப்பாறியது. அப்படியும் அது பதினொரு மணிக்கு அணைந்தது.

மேட்டுப்பட்டிப் பேச்சி மூன்றாம் நாளாக வந்து நின்றாள். கொன்றையூரைச் சேர்ந்த அந்தக் குக்கிராமத்தில் வீட்டுக்கு வீடு காய்ச்சல்.

“எம் மகளுக்கு நெனவே தப்புதும்மா. வைத்தியரை அனுப்பச் சொல்லி எழுது.”

வேதவல்லி எழுதத் தொடங்கினாள். திரை இருண்டது. பேச்சி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் மின்சாரம் வந்ததும் வேதவல்லி, சார்ஜைத் தின்பது எது என்று காட்டும் பட்டியலைத் திறந்து பார்த்தாள். மனுக்கள்: நூற்றுக்கு நான்கு. ‘மன்னர் புகழ் நேரலை’: நூற்றுக்கு எண்பத்தொன்று. யார் கண்ணிலும் படாமல் அது பின்னால் ஓடிக்கொண்டேயிருந்தது. நிறுத்துவது ராஜதுரோகம் என்று அடியில் சிறிய எழுத்தில் கண்டிருந்தது.

அவள் வெளிச்சத்தை முழுதாக ஏற்றி, கணினியை வரிசையின் பக்கம் திருப்பி வைத்தாள்.

முன்னால் நின்றவர் உரக்கப் படித்தார். “அப்ப நூத்துல நாம நாலுதானா?”

“அதை மூடும்மா,” என்றாள் பேச்சி. “யாராச்சும் கேட்டா, நாங்கதான் மூடச் சொன்னோம்னு சொல்லு.”

வரிசை மொத்தமும் தலையாட்டியது.

மூடினாள். பேச்சியின் மனு முழு வாக்கியங்களில் முதலாவதாகப் போனது. மதியத்துக்குள் வைத்தியர் மேட்டுப்பட்டிக்குப் போய்ச் சேர்ந்தார். பொழுது சாய்ந்தபோது வரிசையில் யாருமில்லை. பாதிச் சார்ஜ் மிச்சமிருந்தது. மூன்றாம் நாள், மகள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்ததாகச் செய்தி வந்தது.

ஒன்பது நாள் கழித்து அமைச்சர் வந்தார். நேரலை நின்றுபோனது அரண்மனையில் யாருக்குமே தெரிந்திருக்கவில்லை.

“எமது மூன்று ஆணைகளும் மாபெரும் வெற்றி. நாடெங்கிலுமுள்ள எழுத்தர்கள் உம்மிடம் பயிற்சி பெறட்டும்,” என்றார்.

“அப்படியே ஆகட்டும், ஐயா,” என்றாள் வேதவல்லி.

அடுத்த வாரம் நாற்பது எழுத்தர்கள் வந்து அமர்ந்தார்கள். அவள் பட்டியலைத் திறந்து காட்டினாள். கடைசி வரிசையிலிருந்து ஒருத்தி கேட்டாள்.

“அக்கா, இன்னும் கொஞ்சம் கீழ இறக்குங்க. மிச்சம் பதினஞ்சு எங்க போகுது?”