ஜீப்புக்கு நீளக் கால் வைத்த விவரம்

என் அக்காள் பெற்ற செல்வமும், என் தோளில் ஏறி என் மீசையைப் பிடித்து வளர்ந்தவனுமான மருமகனுக்கு, உன் தாய்மாமன் நெஞ்சு நிறைந்து எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அத்தையும் சௌக்கியம். உன் ஜீப்பும் சௌக்கியம். போனில் சொன்னால் பாதியிலேயே குறுக்கே பேசுவாய் என்பதால் தாளில் எழுதுகிறேன்.

திங்கட்கிழமை டாக்டரம்மாவை அவர் வேலை பார்க்கும் மலைமேல் ஆஸ்பத்திரிக்கு உன் ஜீப்பில் கொண்டுபோய் விட்டால்தான் அவரிடம் டிரைவர் வேலை உனக்கு, இல்லாவிட்டால் வேறொருவனுக்கு என்று நீ சொன்னபோதே நான் வரிந்துகட்டிவிட்டேன். பள்ளத்தைக் கண்டால் நாய் மாதிரி ஒரு காலைத் தூக்கிக்கொள்கிற ஜீப் மலை ஏறுமா? நீளமாக இறங்கி ஏறுகிற ஷாக் அப்சார்பர் பார்த்து வாங்கிப் போடச் சொன்னாய். உலகத்தில் இந்த விஷயம் தெரிந்தவர்கள் மூன்று பேர். மற்ற இருவரும் என்னைக் கேட்டுத்தான் வாங்குவார்கள்.

கடைக்காரர், "விரிஞ்சா எவ்வளவு, மடங்கினா எவ்வளவு வேணும்?" என்றார். மனிதருக்கு என்னோடு பழக்கம் போதாது. "இருக்கிறதிலேயே பெருசை எடுங்க" என்றேன். எடுத்து மேஜைமேல் நிறுத்தினார் பார், எனக்கு மூச்சு நின்றது. கறுப்பு உடம்பு, வெள்ளிக் கம்பி. முழு பலத்தோடு அமுக்கினேன். பெரிய மனிதர் நாற்காலியில் உட்காருவதுபோல மெல்ல இறங்கியது. கையை எடுத்ததும், யாரும் தொடாமலே, தானாக எழுந்து நின்றது. ஆணி வாங்க வந்தவர்கள்கூட வரிசையில் நின்று அமுக்கிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

நம் மெக்கானிக் கொட்டாவி (வேலை நேரத்தில் அவர் விடுவதால் வந்த பெயர்) அதை மாட்டி, ஜாக்கியில் ஜீப்பைத் தூக்கினார். சக்கரம் இறங்கியது, இறங்கியது, கிணற்று வாளிபோல இறங்கிக்கொண்டே இருந்தது. நான் கைகூப்பிவிட்டேன். அப்போதுதான் சுருள் ஸ்பிரிங் இடத்தைவிட்டு நழுவி, தெருவை உருண்டு கடந்து, தையல்காரர் கடைக்குள் போய் உட்கார்ந்தது. பிரேக்குக்கு எண்ணெய் கொண்டுபோகிற ரப்பர் குழாய், அதுதான் பிரேக் ஹோஸ், அறுந்துவிடுகிற மாதிரி விறைத்து நின்றது.

"மாமா, காலு மட்டும் நீண்டா போதுமா? நரம்பும் கூடவே நீளணும்ல?" என்று கொட்டாவி விட்டார் அவர்.

அதற்குள் உன் அத்தை வந்துவிட்டாள். "செருப்பு வாங்கப் போறவங்க காலை எடுத்துட்டுத்தான் போவாங்க. இவரு ஜீப்பை வீட்ல விட்டுட்டுப் போயிருக்காரு."

"சோதனைக்காக வாங்கினேன்."

"சோதனையில ஸ்பிரிங் பாஸாயிடுச்சு. டைலர் கடையில வேலைக்கே சேந்துடுச்சு."

பிறகு அவளே தையல்காரரிடம் டேப் வாங்கினாள். ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, சக்கரத்து ஆக்சில் மேலே உள்ள ரப்பர் கட்டையில் முட்டும்வரை தூக்கச் சொல்லி ஒரு அளவு. பிரேக் ஹோஸ் இழுபடாமல் இறங்கும்வரை இறக்கச் சொல்லி ஒரு அளவு. இந்த யோசனை என்னுடையது. சொல்ல அவள் இடம் தரவில்லை, அவ்வளவுதான். அந்த இரண்டு அளவுக்குள் அடங்குகிறதாகக் கடைக்காரர் மாற்றிக் கொடுத்தார். பழையதைவிட நாலு விரல் நீளம்.

இன்று காலை செங்கல் சூளைக்குப் பின்னால் மண் எடுக்கிற குழியில் ஜீப்பை இறக்கினேன். மருமகனே, என்னத்தைச் சொல்வேன். ஒரு சக்கரம் பள்ளத்துக்குள் கைவிட்டுத் தேடுவதுபோல இறங்கி அடியைத் தொட்டது. எதிர்ச் சக்கரம் மேட்டில் மடங்கிக்கொண்டது. நடுவில் உடம்பு தாம்பாளம்போல மட்டம். நான் இறங்கி, முழங்கால் போட்டு, அடியில் பார்த்தேன். "கல்யாணமான நாள்லேர்ந்து இப்பத்தான் இவர் வாய் மூடிப் பாக்கறேன்" என்றாள் உன் அத்தை.

ஆகவே தைரியமாக டாக்டரம்மாவை ஏற்றிக்கொள். ஏறுகிற ஏற்றமெல்லாம் உனக்குச் சமதரையாகி, அக்காள் வயிறு குளிர நீடு வாழ்வாயாக.

இப்படிக்கு,
நம் குடும்பத்தில் ஜீப்பின் வயிற்றைக் கண்ட ஒரே ஆள்,
உன் மாமன்.

பின்குறிப்பு: இதை ஜீப்புக்குள் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார், ஓர் எழுத்தாவது ஆடியிருக்கிறதா? நாலு சக்கரமும் களிமண்ணில் பாதிவரை பதிந்துவிட்டதால் துளி அசைவில்லை. இதைக் கொண்டுவரும் கொட்டாவியிடம் தடிக் கயிறும் நாலு ஆளும் அனுப்பு. டாக்டரம்மாவுக்குச் செவ்வாய்க்கிழமை தோதுப்படுமா என்றும் பணிவாகக் கேட்டுப் பார்.