ஒளிச்சாமியின் ஸ்கேன் படங்கள்

11.3.1996, திங்கள். இன்று ஒரு சிறு தவறு செய்தேன். ஸ்கேன் படிவத்தில் 'உடம்பில் உலோகம் ஏதாவது உண்டா?' என்ற கேள்விக்கு நேரே, அம்மாவுக்காக நான்தான் 'இல்லை' என்று எழுதினேன்.

சிறு தவறாம்! மாலைக் கல்லூரியில் கணக்குப்பதிவியல் படிக்கும் செல்லதுரை, நாட்குறிப்பில்கூடத் தனக்குச் சலுகை கேட்பவன். அம்மா காளியம்மாளின் வயிற்றில் இருப்பது கட்டியா, வெறும் வீக்கமா என்று தெரிந்தால்தான் டாக்டர் ஆபரேஷனுக்கு நாள் குறிப்பார். தஞ்சாவூரில் எடுத்த சி.டி. ஸ்கேனில், அது தெரியவேண்டிய இடத்தில் சூரியன் உதித்திருந்தது. இடுப்பில் செம்புத் தாயத்து. சேலைக்குள் மறைத்துக் கட்டச் சொன்னவன் செல்லதுரை.

தாயத்து, மன்னார்குடிப் பக்கத்து ஒளிச்சாமி கொடுத்தது. அவர் கொட்டகையில் விடியும் முன்பே வரிசை. "மெஷின் கதிரு உள்ள போறப்ப இதுதான் காவல். கழட்டினா பலிக்காது" என்பார். படத்தில் வெள்ளைக் கீற்று விழுந்துவிட்டால், "பாத்தீங்களா, அம்மன் ஒளி!" அப்படிப்பட்ட படங்கள் கொட்டகை முழுக்கத் தொங்கின. குத்தகைத் தகராறில் தாசில்தாரையே பத்திரம் காட்டச் சொல்லி மடக்கியவர்கள் இங்கே வாய்பொத்தி நின்றார்கள். மேடையில் மூடநம்பிக்கையை மூன்று மணி நேரம் கிழிக்கும் கட்சிப் பேச்சாளர் பின்பக்கமாக வந்து போனார். செல்லதுரை எதையும் முறையாகச் செய்பவன். இரண்டு தாயத்து வாங்கினான். ஒன்று தொலைந்தால் இன்னொன்று!

ஸ்கேன் எடுக்கும் ஆமினா படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். "செம்பு கதிர மறைச்சிடுச்சு தம்பி. அதான் கீத்து கீத்தா விழுந்திருக்கு. மறுபடி எடுக்கணும்."

"ஒருவேளை... அம்மன் ஒளியா இருந்தா?"

ஆமினா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவனுக்குத் தேவலை.

"மெஷின் சரியா இருக்கான்னு பாக்க, தண்ணி அடைச்ச குடுவைய தினமும் படம் எடுப்போம். அது பக்கத்துல உங்க சைக்கிள் சாவிய வைங்க."

சாவியிலிருந்தும் சூரியன் உதித்தது.

புதன்கிழமை அந்தச் சாவிப் படத்தோடு கொட்டகைக்குப் போனான்.

"யாரு படம்?" என்றார் சாமி.

"நீங்களே சொல்லுங்க சாமி."

சாமி கண்ணை மூடினார். "பொம்பள. மூணு புள்ள பெத்தவ. வயித்துல அம்மன் உக்காந்துட்டா. நாப்பத்தெட்டு நாள் பூசை போடணும்."

"இது ஆஸ்பத்திரி தண்ணிக் குடுவை சாமி. அம்மனா உக்காந்திருக்கிறது என் சைக்கிள் சாவி." குரல் கீச்சென்று வந்தது.

"தண்ணியில மட்டும் அம்மன் இல்லையாடா?"

வரிசையில் நின்ற அம்சம் என்ற பெண் கழுத்தை நீட்டினாள். "இருக்கட்டும் சாமி. குடுவை எப்ப மூணு புள்ள பெத்துச்சு?"

கொட்டகை அதிர்ந்தது. சிரித்துக்கொண்டே ஆளாளுக்குத் தாயத்தை அவிழ்த்தார்கள். சாமி சொம்பைத் தூக்கிக்கொண்டு நழுவினார்.

அம்மாவுக்குக் கட்டிவிட்டதையும் செல்லதுரை சொன்னான். அம்சம் விடவில்லை. "படிச்ச புள்ள, நீ ஏன்யா ஆத்தாளுக்குக் கட்டிவிட்ட?"

நிலத்துக்கு ஆதாரம் கேட்கத் தெரிந்த ஊருக்கு உயிருக்கும் கேட்கத் தெரியவேண்டாமா? படித்தவனுக்கு முதலில் தெரிந்திருக்க வேண்டாமா?

13.3.1996, புதன். நாளை அம்மாவுக்கு மறுபடி ஸ்கேன். காலையில் ஆகாரம் கூடாது. தாயத்து, தோடு, வளையல், ஊக்கு எல்லாம் வீட்டிலேயே கழற்ற வேண்டும். சர்க்கரை மாத்திரைச் சீட்டை எடுத்துக்கொள்ள வேண்டும். போன வருஷம் ஊசி மருந்து ஒத்துக்கொள்ளாமல் உடம்பு தடித்ததை ஆமினாவிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். ஆறரை மணி பஸ்.