சேலைன் மாமா பாடிய இடம்

பொப் பாட்டைக் கெடுத்தவர்கள் இலங்கையில் ஏராளம். திருத்தியவர் ஒரேயொருவர், எங்கள் சேலைன் மாமா. அவர் திருத்திய பாட்டைப் போன கிழமை வவுனியாக் கலியாண மண்டபத்தில் பழையபடி கெடுத்துவிட்டார்கள். அந்தக் கோபத்தில்தான் எழுதுகிறேன்.

சேலைன் மாமா வட்டக்கச்சியில் வாடகைக் கார் ஓடியவர். போரால் பெற்றோலுக்குத் தடை இருந்த காலம்; கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஆனால் பெற்றோல் சொட்டுக் காட்டாமல் எஞ்சின் எழும்பாது. மற்றவர்கள் குழந்தைகளுக்குப் பால் பருக்கும் சூப்பிப் போத்தலால் விட்டார்கள். இவர் ஆஸ்பத்திரிச் சேலைன் போத்தலைக் குழாயோடு தொங்கவிட்டு, நோயாளிக்கு ஏற்றுவதுபோல ஏற்றினார்.

"தம்பி, இது உடையார்கட்டுக்குப் போய்ச் சேருமோ?" என்பார் அம்மா. பெரியம்மா வீடு அங்கேதான்.

"காய்ச்சல் விட்டிட்டுது அக்கா. ஏறுங்கோ."

அவரிடம் இருந்தது ஒரேயொரு கசற். அதில் கேட்கக்கூடியது ஒரேயொரு பொப் பாட்டு. சைக்கிள் மணியடித்துக் காதலியைக் கூப்பிடும் பாட்டு. "வேற பாட்டு இல்லையோ மாமா?" என்றால், "இதையே ஒழுங்காக் கேக்கேல்லை, வேற வேணுமாம்" என்பார்.

பாட்டின் நடுவில் நாடா அறுந்து, அவர் பிளாஸ்ரர் போட்டு ஒட்டியிருந்தார். அந்த இடத்தில் 'கர்ர்' என்ற சத்தம்தான் வரும். உடனே மாமா அதே மெட்டில் தொடங்குவார்:

"கதவைப் பிடி, கதவைப் பிடி, தங்கச்சி விழப்போறாள், கதவைப் பிடி!"

ஏனென்றால் பின்கதவு குலுக்கத்தில் தானாகத் திறக்கும். தங்கச்சி கதவோரம், பிடிக்கும் பொறுப்பு என்னுடையது.

ஒருநாள் ஐஸ்பழம் தின்று மாமாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. 'கர்ர்' வந்தது, மாமா வரவில்லை. விசுவமடுப் பள்ளத்தில் கதவு திறந்து தங்கச்சி பாதி வெளியே. பின்னலில் பிடித்து இழுத்தேன். மாமா காரை நிறுத்தினார்.

"ஏனடி பிடிக்கேல்லை?"

"நீங்கள் பாடேல்லையே!"

அதற்குப் பிறகு அவர் ஐஸ்பழம் தின்று யாரும் காணவில்லை.

போரின் கடைசி இடப்பெயர்வில் அவரை உடையார்கட்டுப் பக்கம் கண்டதாகச் சொன்னார்கள். பிறகு ஒரு கதையும் இல்லை.

இப்போது சொல்லுங்கள், மண்டபத்தில் அந்தப் பாடகன் செய்தது நியாயமா? மாமா பாடும் இடத்தில், காதலியின் கண், கன்னம் என்று என்னவோ குழைந்தான். நேரே மேடையடிக்குப் போனேன்.

"தம்பி, நடுவிலை என்ன பாடினனீர்?"

"பாட்டிலை இருக்கிறதைத்தான் அன்ரி."

"அந்த இடத்திலை கதவெல்லோ பிடிக்க வேணும்!"

அவன் மண்டபக் கதவைப் பார்த்தான். யாரோ சிரித்தார்கள். தங்கச்சி ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். "அக்கா, வாங்கோ, சனம் பாக்குது. அந்தப் பொடியனுக்கு என்ன தெரியும்?"

ஓ.எல். சோதினை எழுதாமலே பள்ளிக்கூடம் விட்டவள் நான். முழுதாகப் பாடமாக்கியது அந்தப் பாட்டு ஒன்றைத்தான். அதுவும் பிழையாம்!

திரும்பும் வழியில் வான்காரன் தன் போனில் அதே பாட்டைப் போட்டான். கதவு தானாகப் பூட்டும் புது வான். ஆனாலும் அந்த இடம் வந்தபோது என் கை தங்கச்சியின் சாறித் தலைப்பைப் பிடித்திருந்தது. அவள் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, போனில் வந்த காதலியின் கண்ணுக்கு மேலால், கதவைப் பிடி என்று மெதுவாகப் பாடிக்கொண்டிருந்தாள்.