இடப்பக்கம் சுற்றிய கல்

‘நோய் பரவாமல் இருக்கக் கூட்டம் கூடாதீர்கள்’ என்று ஒலிபெருக்கி கத்திக்கொண்டிருந்த அதே தெருவில், நோய் பரவாமல் இருக்க முந்நூறு பேர் முட்டி மோதிக்கொண்டு நின்றார்கள். முகக்கவசம் எல்லோரிடமும் இருந்தது. சிலருக்குத் தாடையில், சிலருக்குக் கழுத்தில், ஒருவருக்குச் சட்டைப்பையில். தலைக்குத் தலை ஒரு மூட்டை.

எல்லாம் கல்லுக்காரரைப் பார்க்கத்தான்.

ஊரடங்கில் சந்தையை மூடிய பிறகு அந்த ஊர் விவசாயிகள் பட்ட பாடு கொஞ்சமல்ல. விளைந்ததை ஏற்ற லாரி வரவில்லை. காய்கறி செடியிலேயே அழுகியது. விதைக்கென்று எடுத்து வைத்த தானியத்தையும் ஆக்கித் தின்றாகிவிட்டது. கூட்டுறவுச் சங்கம் வீட்டுக்கு ஒரு மூட்டை மக்காச்சோள விதையும் ஒரு மூட்டை மாவும் கொடுத்தது. மாவை வைத்து மழை வரை தாக்குப்பிடித்து, விதையைப் போட்டுவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம்.

இந்த நேரம் பார்த்துத்தான் கல்லுக்காரர் அவதரித்தார். அதுவரை சந்தை வாசலில் செல்போன் உறை விற்றவர். கடையை மூடியதும் ஞானம் திறந்துகொண்டது. சங்கம் வெளியூரிலிருந்து வரவழைத்த மூட்டைகளுக்குள் நோயின் ஆவி ஒளிந்திருப்பதைக் கண்டுபிடித்தார். ஒரு கருங்கல்லை நூலில் கட்டி மூட்டைக்கு மேல் பிடிப்பார். வலப்பக்கம் சுற்றினால் மூட்டை சுத்தம். இடப்பக்கம் சுற்றினால் உள்ளே ஆவி! மூட்டையை அவரிடமே விட்டுவிட வேண்டும். ஆளுயரக் குழி வெட்டிப் புதைத்துவிடுவார். இதற்குக் கூலிகூட வாங்குவதில்லை. எவ்வளவு பெரிய மனசு!

கல்லுக்கு உலக அனுபவமும் உண்டு. சங்கத் தலைவரின் மூட்டை என்றால் வலம். எதற்கும் சண்டைக்கு வரும் டீக்கடைக்காரர் என்றால் வலமோ வலம். கணவனை இழந்தவள், குத்தகைக்கு உழுகிறவன், எதிர்த்துப் பேசத் தெரியாதவன் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இடம்.

அந்த ஊரில் தக்காளி பயிரிடும் ஒருத்தியை எல்லோரும் தக்காளிக்காரி என்பார்கள்; அவளுடைய அண்ணன் எதிர்த்துப் பேசத் தெரியாதவன். நான்கு பிள்ளைகள். விதை மூட்டையைப் போன வாரமே கல்லுக்காரரிடம் கொடுத்துவிட்டு, இப்போது மாவு மூட்டையோடு வரிசையில் நின்றான். சேதி கேட்டு, களை பறித்த கையைக்கூடக் கழுவாமல் ஓடி வந்தாள் தங்கை.

“அண்ணே, விதையைக் குடுத்துட்டியே, எதை விதைக்கப் போற? அந்தக் கல்லையா?”

“சும்மா இரு. புள்ளைங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா நீயா வந்து பதில் சொல்லுவ?”

அவளுக்கு மேற்கொண்டு திட்ட மனம் வரவில்லை. அவன் தலையிலிருந்த மூட்டையை இறக்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டு நேரே முன்னால் போனாள்.

“ஐயா, மூட்டைக்குள்ள இருக்கறத பாக்குறது நீங்களா, கல்லா?”

“கல்லும்மா! நான் வெறும் நூல் புடிக்கிறவன்.”

“அப்போ உங்க கண்ணுக்கு இங்க வேலையே இல்ல. துணி கட்டிக்கிட்டுச் செய்யலாமே?”

கல்லுக்காரர் முகம் சுருங்கியது. ஆனால் பக்தர்கள் விடவில்லை. “கட்டிக்குங்கய்யா! அப்பத்தான் உங்க மகிமை இவளுக்குப் புரியும்!” என்று அவர்களே துண்டை எடுத்து இறுக்கிக் கட்டினார்கள்.

தக்காளிக்காரி அண்ணனின் மூட்டையைக் கல்லுக்குக் கீழே வைத்தாள்.

இடம். “ஆவி இருக்கு!” என்றார் கல்லுக்காரர்.

உதட்டில் விரலை வைத்து எல்லோரையும் அடக்கிவிட்டு, அதே மூட்டையைத் தூக்கினாள். சுற்றி வந்து அதே இடத்தில் வைத்தாள்.

வலம். “இது சுத்தம்.”

மறுபடி அதே மூட்டை. இடம். “ஐயோ, இதுல ரெண்டு ஆவி!”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது கூட்டம் முழுக்கப் பரவியது, நோயைவிட வேகமாக. பாராட்டுச் சிரிப்பு என்று நினைத்துக் கல்லுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நான்காம் முறை வைத்ததும் கல் அசையவே இல்லை.

“இது யாரோட மூட்டை?” என்றார் அவர் மெல்ல.

“ஏன், கல்லுக்கு மூட்டை தெரிஞ்சா போதாதா? ஆளும் தெரியணுமா?”

துண்டை அவிழ்த்துவிட்டாள். எதிரே ஒரே ஒரு மூட்டை. சுற்றிலும் முந்நூறு முகம், ஒன்றிலும் பக்தி இல்லை.

டீக்கடைக்காரர் கல்லுக்காரரின் கையைப் பிடித்துக்கொள்ள, மற்றவர்கள் அவர் வீட்டுக் கொல்லைக்குப் போனார்கள். குழி இருந்தது, முழங்கால் ஆழத்தில், காலியாக. கொட்டகைக்குள் மூட்டைகள் கூரையைத் தொட்டன. பாதி மூட்டைகளில் சங்கத்தின் முத்திரையைச் சுரண்டி எடுத்து, வியாபாரிக்கு அனுப்பத் தயாராக வைத்திருந்தார். கொஞ்சம் ஏற்கெனவே போய்விட்டது. இருந்ததை எல்லோரும் பகிர்ந்துகொண்டார்கள். கல்லுக்காரரைக் காவலர்கள் கூட்டிப்போனார்கள்.

மறுநாள் தக்காளிக்காரி அண்ணன் வீட்டுக்குப் போனபோது, அவன் ஈரச்சாக்கை விரித்து அதன்மேல் விதைகளை எண்ணி எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தான்.

“என்னண்ணே இது?”

“கொட்டகையில கெடந்த விதையாச்சே. நூறு விதைய வச்சு, மொளைக்குதான்னு பாத்துட்டுத்தான் நிலத்துல போடணும்” என்றான், தொழில் தெரிந்தவனின் பெருமையோடு.

அவள் சாக்கிலிருந்து ஒரு விதையை எடுத்து உருட்டிப் பார்த்தாள்.

“சங்கம் சும்மா குடுத்த விதையக்கூட சோதிக்காம நிலத்துல போட மாட்டேங்கிற. அந்த ஆளு சொன்னத மட்டும் எப்படிண்ணே அப்படியே மண்டைக்குள்ள போட்டுக்கிட்ட?”