தங்கள் இரைமீன்களின் உடல்நலம் குறித்து

பேரன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் தொட்டியில் இருக்கும் அத்தனை பேரும் இந்த நிமிஷம் வரை நலம். அடுத்த நிமிஷத்துக்கு நான் பொறுப்பில்லை. அங்கே உங்கள் நலமும் என் மகளின் நலமும் அறிய ஆவல். போனிலேயே சொல்லியிருக்கலாம்; ஆனால் நான் ஒரு வாக்கியம் பேசி முடிப்பதற்குள் உங்கள் அத்தை பக்கத்தில் நின்று அதைத் திருத்துவாள். அவள் துணி உலர்த்த மொட்டைமாடிக்குப் போயிருக்கிறாள். அதனால் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான்: என்னால் முடியவில்லை, மாப்பிள்ளை. நீங்கள் ஏரிக்குத் தூண்டில் போடப் போன முதல் ஞாயிற்றுக்கிழமை, தூண்டில் இரைக்குப் போக மிஞ்சிய பொடிமீன்களை ஒரு வாளியோடு எங்கள் குளியலறையில் இறக்கிவிட்டு, "தூக்கிப்போட மனசு வரல மாமா, அடுத்த வாரம் வரைக்கும் உசுரோட இருந்தா போதும்" என்றீர்கள். அந்தப் 'போதும்' என்ற சொல்லை நான் லேசாக எடுத்துக்கொண்டேன். நீங்கள் படியிறங்கியதுமே உங்கள் அத்தை நிலவரத்தைச் சொல்லிவிட்டாள். "இதுங்க செத்தா மாப்பிள்ளை வரமாட்டார். அவர் வரலைன்னா பொண்ணு வரமாட்டா. பொண்ணு வரலைன்னா நான் உங்ககூடப் பேசமாட்டேன், பாத்துக்கோங்க." அதற்கு முன்னால் நீங்கள் இருவரும் இந்த வீட்டுப் படியேறி எத்தனை காலம் ஆகியிருந்தது என்று நான் சொல்லிக்காட்டப் போவதில்லை. அவள் சொல்லிக்காட்டினாள்.

நான் குடிநீர் நிலையத்தில் வேலை பார்த்தவன். ஊரே குடிக்கிற தண்ணீரில் எவ்வளவு குளோரின் விட வேண்டும் என்று அளந்து விட்ட கை இது. அந்தக் கலங்கல் வாளியைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டு மீனை இப்படியா வைப்பது என்று, அழுக்குத் தண்ணீரை எல்லாம் கொட்டிவிட்டு, குழாயைத் திறந்து சுத்தமான தண்ணீராக நிரப்பினேன். காலையில் பார்த்தால் எல்லாம் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதக்கின்றன. வாளியில் உயிரோடு ஒரு கிருமி கிடையாது, ஒரு மீனும் கிடையாது. எங்கள் துறை தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தது. உங்கள் அத்தை எட்டிப் பார்த்து, "இத்தன வருஷமா இதத்தான் எங்களுக்கும் குடுத்தீங்களா?" என்று கேட்டாள். அந்த வாரம் நீங்கள் வந்து, "நல்லாத் தேறியிருக்கே மாமா!" என்று பாராட்டியது, நான் கடையில் வாங்கி வைத்த புது மீன்களை.

அந்தக் கடைக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எல்லோரும் அவரைக் குமிழி என்றுதான் கூப்பிடுகிறார்கள். தண்ணீரில் காற்றுக் குமிழி விடும் மோட்டார் விற்பவர். நான் ஒரு நல்ல தொட்டி கேட்டேன். அவர் மருத்துவரைப் போல் விசாரிக்கத் தொடங்கினார். எத்தனை மீன், எவ்வளவு தண்ணீர், வெயில் படுமா, வீட்டில் மின்சாரம் போகுமா. நான் சுவரோரம் அடக்கமாக இருக்கட்டும் என்று சதுரத் தொட்டியைக் காட்டினேன். "சதுரம் வேணாம் சார். மூலைல போய் மூஞ்சிய முட்டிக்கிட்டே செத்துப்போகும். வட்டமா வாங்குங்க, சுத்திக்கிட்டே இருக்கும்" என்றார். நானும் ஓய்வுபெற்ற நாள் முதல் ஒரு மூலையில்தான் உட்கார்ந்திருக்கிறேன். அவரிடம் அதைச் சொல்லவில்லை. குழாய்த் தண்ணீரைத் திறந்த பாத்திரத்தில் ஒரு நாள் வைத்திருந்து, பிறகு தொட்டியில் ஊற்றுங்கள் என்றும் சொன்னார். எனக்கே குளோரின் பாடம்.

மோட்டாரில் சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று இருந்தன. "உங்களுக்குச் சின்னதே போதும் சார்" என்றார். மாப்பிள்ளை விஷயத்தில் சின்னது வாங்குகிற ஆளா நான்? பெரியதை வாங்கி வந்து மாட்டினேன். தொட்டிக்குள் சுழல் கிளம்பி, மீன்கள் நீந்தவே வேண்டியிருக்கவில்லை. தண்ணீரே அவற்றை இழுத்துக்கொண்டு ஓடியது. நுரை பொங்கித் தரைக்கு வந்தது. மேஜைமேல் வைத்தால் வீடே அதிர்கிறதே என்று மோட்டாரைத் தூக்கித் தரையில் வைத்தேன். தொட்டியைவிட உயரத்தில்தான் வைக்க வேண்டும் என்று குமிழி படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். மத்தியானம் மின்சாரம் போனது. காற்று நின்றதும் தண்ணீர் அந்தக் காற்றுக் குழாய் வழியாகவே திரும்பி மோட்டாருக்குள் இறங்கி, தரையில் பரவி, கீழ் வீட்டுக் கூரையைத் தேடிப் போய்விட்டது. கீழ் வீட்டு டியூஷன் வாத்தியார் விரித்த குடையோடு வந்து கதவைத் தட்டினார். வெளியே நல்ல வெயில். "எங்க ஹால்ல மழை பெய்யுது சார்" என்றார். அவருக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. எனக்கும் மன்னிப்புக் கேட்கத் தெம்பில்லை. இரண்டு பேரும் சேர்ந்து துடைத்தோம்.

சின்ன மோட்டாராக, மின்சாரம் போனால் பேட்டரியில் ஓடுவதாக மாற்றிக்கொண்டு வந்தேன். அதோடு தீர்ந்ததா? வெயிலில் தண்ணீர் சூடேறி மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. பாவமே என்று ஒரு தட்டு ஐஸ் கட்டியைக் கொட்டினேன். அப்படியே விறைத்துப்போய் என்னைப் பார்த்தன. "சூட்டை ஒரேயடியா இறக்கலாமா சார்? பாட்டில்ல தண்ணிய உறைய வச்சு, மூடியோட மிதக்க விடுங்க" என்று குமிழி போனிலேயே தலையில் அடித்துக்கொண்டது எனக்குக் கேட்டது. இப்போது எங்கள் ஃப்ரீசரில் அந்த பாட்டில்கள்தான் இருக்கின்றன. எனக்குக் குடிக்கக் குளிர்ந்த தண்ணீர் கிடையாது. ஒரு மீன் துள்ளி என் செருப்புக்குள் விழுந்ததிலிருந்து உங்கள் அத்தையின் மாவுச் சல்லடைதான் தொட்டிக்கு மூடி. தினமும் கொஞ்சம் தண்ணீர் மாற்ற வேண்டும், அளவாகத் தீனி போட வேண்டும், செத்ததை உடனே எடுக்க வேண்டும். வேலையிலிருந்தபோதுகூட எனக்கு வாரத்தில் ஒரு நாள் லீவு இருந்தது.

ஆகவே, மாப்பிள்ளை, கோபித்துக்கொள்ளாதீர்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை தொட்டி, மோட்டார், பாட்டில், சல்லடை, மீன் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். வேறு இடம் பாருங்கள். வயசான காலத்தில் நான் நிம்மதியாகக் கொஞ்சம் தூங்க வேண்டும்.

நீங்கள் இருவரும் எல்லா நலமும் பெற்று நீண்ட நாள் வாழ எங்கள் ஆசிகள். என் மகளிடம் நான் விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
களைத்துப்போன மாமனார்

பின்குறிப்பு: உறையில் போடுவதற்குள் உங்கள் அத்தை வந்து படித்துவிட்டாள். படித்துவிட்டுச் சிரிக்கிறாள். ஏரிக்கரையிலேயே ஞாயிற்றுக்கிழமை காலையில் பொடிமீன் உயிரோடு விற்கிறார்கள் என்று குமிழி போன வாரம் என்னிடம் சொன்னார். அது உங்கள் காதுக்கு எட்டிவிடக் கூடாதே என்று நான் அவரைக் கெஞ்சிக் கேட்டுக்கொண்டு வந்தேன். இப்போது அதை உங்கள் அத்தையிடம் சொன்னால், அவள் சொல்கிறாள்: "மாப்பிள்ளைக்கு அது முதல் நாளே தெரியும். அங்கதான வாங்குறாரு. தெரிஞ்சேதான் இங்க வந்து வச்சுட்டுப் போறாரு. உங்களுக்குத்தான் ஒண்ணும் தெரியல." பேனாவைத் திரும்ப எடுத்துவிட்டேன், மாப்பிள்ளை. மேலே எழுதியது எதையும் பொருட்படுத்த வேண்டாம். மீன்கள் இங்கேயே இருக்கட்டும். ஒருவேளை எல்லாம் செத்துப்போனாலும், வாருங்கள்.